குழாய் அண்ணாச்சிக்குக் காற்று மிதித்த கதை

வெட்கம் என்கிற சாமானைக் கடவுள் உலகத்தாருக்குப் பங்கு வைத்த நாளில் குழாய் அண்ணாச்சி லீவு போட்டிருக்க வேண்டும். அவருடைய பங்கையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டார்கள். தோஹாவில், நஜ்மா பகுதியில், ஒரே அறையில் அவருக்குக் கீழ்க்கட்டில், எனக்கு மேல்கட்டில் என்று இருந்த காலம் முழுவதும் அவர் செய்த காரியங்களுக்கெல்லாம் கூசிக் குறுகி நின்றவன் நான்தான். அவர் பாட்டுக்குப் பல் குத்திக்கொண்டு வருவார்.

நான் சொல்வது இரண்டாயிரங்களின் பிற்பகுதி. நான் விருதுநகர்ப் பக்கத்து ஆள். ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் உத்தியோகம், கழுத்தில் டை. அண்ணாச்சி பாளையங்கோட்டைப் பக்கம். தொழில்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஏசிக்கு டக்ட் அடிக்கிற வேலை அவருக்கு; அதாவது தகரத்தை வெட்டி மடக்கிக் குளிர்காற்றுக்குப் பாதை செய்வது. விசாவில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் யாராவது என்ன வேலை என்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சர்ச்சுக்கு ஆர்கன் கட்டுதவன்" என்பார். இளவயதில், திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் கோயில்களில் இருந்த பெரிய குழாய் ஆர்கன்களைப் பழுது பார்க்கிற ஒருவரோடு எடுபிடியாகச் சுற்றினாராம். துருத்தியை மிதித்தால் காற்று போய்க் குழாய்கள் பாடுமே, அந்த வாத்தியம். அதற்கும் தோஹாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது. கேட்டால் இரண்டு மணி நேரம் பதில் சொல்வார்.

குழாய் என்று ஒன்றைக் கண்டால் போதும், வாயை வைத்துவிடுவார். கடையில் விற்கிற பிவிசி பைப், சாரம் கட்டக் குவித்திருக்கும் இரும்புக் குழாய், படிக்கட்டின் கைப்பிடி, எதையும் விட்டதில்லை. ஊதிப் பார்த்துக் கண்ணை மூடி, "நல்லா பேசுதுடே" என்று சான்றிதழ் கொடுப்பார். அடுத்த தெருவில் ஒரு பட்டாணியர் பிளம்பிங் கடை வைத்திருந்தார். ஒரு நாள் அந்த வாசலில் சாத்தியிருந்த பைப்களை அண்ணாச்சி வரிசையாக ஊதிக்கொண்டே போனார். நான் எதிர்க்கடையில் தொங்கிய மொபைல் கவர்களை ஆழ்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

கடைக்காரர் வெளியே வந்து, என்ன செய்கிறாய் என்று இந்தியில் கேட்டார். "பாய், க்யா கர் ரஹே ஹோ?"

"செக்கிங்," என்றார் அண்ணாச்சி.

"சாஹியே க்யா?" வேண்டுமா என்கிறார்.

"மாஃபி. ஒன்லி செக்கிங்." மாஃபி என்றால் அரபியில் இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். என்னைக் கைகாட்டி, "மேரா ரூம் ஆத்மி. ஆபீஸ் ஆத்மி" என்று அறிமுகம் வேறு செய்துவைத்தார். கடைக்காரர் என் டையை மேலும் கீழும் பார்த்தார். அன்றிலிருந்து அந்தத் தெரு வழியாக நான் போனதில்லை. ஆபீஸ் பஸ்ஸுக்குச் சுற்றுவழியில் நடந்தேன்.

அவருடைய கம்பெனிக்கும் அவரால் மானம் போனது உண்டு. ஒரு கத்தாரி வீட்டுக்கு டக்ட் போட்டுக் கொடுத்தார்கள். ஏசியைப் போட்டதும், விருந்தாளிகளை உட்காரவைக்கிற அந்த வீட்டு மஜ்லிஸ் அறை 'ம்ம்ம்' என்று முனக ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரர் பயந்துபோய் ஆள் அனுப்ப, எஞ்சினியர் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு ஓடினார். இவர் ஏணியில் ஏறி, டக்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு இறங்கி, "கொறை ஒண்ணுமில்ல சார், சுருதி சுத்தமா இருக்கு" என்றாராம். எஞ்சினியர் அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இதை அறைக்கு வந்து எங்களிடம் பெருமையாகச் சொன்னவரும் அண்ணாச்சிதான்.

அப்படிப்பட்டவர் ஒரு ஆர்கனையே கட்டப் போவதாக அறிவித்தபோது, இனி எந்தெந்தத் தெருவையெல்லாம் சுற்றிப் போக வேண்டியிருக்குமோ என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். குழாய்க்கு ஒர்க்‌ஷாப்பில் மிஞ்சுகிற தகரம். பெட்டிக்குச் சாமான் இறக்கிய பலகைகள். துருத்திக்குத் தோல் வேண்டுமே. அந்த ஊரில் வசதியானவர்களுக்குச் சோபா அலுத்துப்போனால் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை அண்ணாச்சி என்னை உலுக்கி எழுப்பினார்.

"எந்திடே. தோல் சோபா கெடக்கு. வேற எவனும் தூக்கிட்டுப் போயிருவான்."

நடுத்தெருவில் உட்கார்ந்து, ஆட்டை உரிப்பதுபோல் அந்தச் சோபாவை உரித்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு முனையைப் பிடித்திருந்தேன். போலீஸ் வண்டி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஒரு போலீஸ்காரர் கண்ணாடியை இறக்கி என்ன இது என்று கேட்டார். அண்ணாச்சி எழுந்து நின்றார். இரண்டு கால்களாலும் மாறி மாறி மிதித்து, இரண்டு கைகளாலும் காற்றில் வாசித்து, வாயால் பூ பூ என்று ஊதியும் காட்டினார். போலீஸ்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "மஜ்னூன்?" என்றார். பைத்தியமா என்று அர்த்தம். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "யல்லா, யல்லா", நடக்கட்டும் நடக்கட்டும் என்று போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மானம் போகுது அண்ணாச்சி. எதுக்கு இந்த வேண்டாத வேலை? டூட்டிக்குப் போனமா, வீட்டுக்குக் காசு அனுப்பினமான்னு இருக்க மாட்டீங்களா?"

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "எங்க ஊர்க் கோயில்ல ஒரு ஆர்கன் இருந்துச்சுடே. வெள்ளைக்காரன் காலத்துது. கூரை ஒழுகி, எலி துருத்தியத் தின்னு, பேச்சு நின்னுட்டு. கோயில்காரவ, நாங்க கீபோர்டு வாங்கப் போறோம், இதக் கழத்தி எடுத்துரு, கூலி தாரோம்னாவ. ஊருல எனக்குத்தான் கழத்தத் தெரியும். கல்யாணம் முடிஞ்ச புதுசு, வேலை வெட்டி இல்ல. ஒரே நாள்ல கழத்திட்டேன்."

"அதனால என்ன?"

"குழாய் பூராவும் ஈயம்லா. பாத்திரத்துக்கு ஈயம் பூசுதவன் வந்து எடைக்கு எடுத்துட்டுப் போனான். எங்க தெருவுல ஒரு பித்தளப் பான பாக்கியில்ல, எல்லாத்துக்கும் அந்த ஈயத்தத்தான் பூசினான். எங்க வீட்டுப் பானைக்கும்தான். சோறு கொதிக்கையில ஒரு சத்தம் வரும்லா, அதக் கேட்டா எனக்குத் தல நிமிராதுடே." அவர் தோலைச் சுருட்டினார். "நான் ஒண்ண ஒடச்சவன். ஒண்ணு கட்டி, அது சபையில ஒரு பாட்டு பேசிட்டுன்னா போதும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

இந்த மனுஷருக்கும் வெட்கப்படத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷமாக அதை உள்ளே வைத்துக்கொண்டுதான் பல் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறார். நான் முகத்தைத் திருப்பாமல் சோபாவைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கோடை முழுவதும் டூட்டி முடிந்து ஒர்க்‌ஷாப்பில் வேலை நடந்தது. ஃபோர்மேன் நல்லவர், கண்டுகொள்ளவில்லை. தகரக் கூரைக்கு அடியில், சட்டையைப் பிழிந்து உதறிக்கொண்டே அண்ணாச்சி ஒவ்வொரு குழாயாக ஊதி, உரசி, சுருதி சேர்த்தார். பள்ளிவாசலில் பாங்கு கேட்டால் மட்டும் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

ஊரில் ஆர்கன் என்றால் கோயில் சுவரோடு சேர்த்துக் கட்டுவார்கள். இங்கே சுவர் ஏது? பல மொழிச் சபைகளுக்கும் பொதுவாக ஒரு கூடம். தமிழர்களுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஒன்றரை மணி நேரம். அதற்கு முன்னால் மலையாளிகள், பின்னால் பிலிப்பினோக்கள். நம் நேரம் முடிந்து ஆமென் சொல்வதற்குள் அடுத்த சபை கதவருகே கிட்டாரோடு நிற்கும். அதனால் அண்ணாச்சி, கழற்றி மாட்டுகிற ஆர்கன் செய்தார். "உலகத்துலயே பிக்கப்ல ஏறி வார ஆர்கன் இது ஒண்ணுதான்டே" என்பார். பார்ப்பதற்கு, ஏசி யூனிட் ஒன்றின் முதுகில் புகைபோக்கிகள் முளைத்தது போலிருக்கும்.

சபைச் செயலாளர் கோட்டு போட்ட கறாரான மனிதர். "அறுப்பின் பண்டிகை அன்னைக்கு முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் வாசிங்க. சொதப்பினா முதல் பாட்டோட நிறுத்திடணும், அப்புறம் இந்தப் பக்கம் கொண்டு வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் போக டிக்கெட் எடுத்திருந்தது அதற்கடுத்த வாரம். ஆக, இருந்தது அந்த ஒரு நாள்தான்.

துருத்தியை மிதிக்க ஆள் வேண்டும். சபையில் எத்தனையோ வாலிபர்கள் இருந்தும் அண்ணாச்சி என்னைப் பிடித்தார்.

"நான் இந்து, அண்ணாச்சி. எனக்கு உங்க பாட்டு ஒண்ணும் தெரியாது."

"அதுக்குத்தாம்டே உன்னக் கூப்பிடுதேன். பாட்டு தெரிஞ்சவன் பாட்டோட சேந்து மிதிப்பான், காத்து ஆடும். நீ ஒண்ணுந் தெரியாதவன். சீரா மிதிப்ப."

பண்டிகை நாள் வந்தது. பாலைவனத்தில் விளையாததெல்லாம் சூப்பர்மார்க்கெட்டில் விளைந்து வந்து மேடைக்கு முன்னால் குவிந்திருந்தது. பூசணிக்காய், காலிஃபிளவர், வாழைத்தார். கூடம் சில்லென்று இருந்தது. நான் ஆர்கனுக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத் துருத்தியில் ஏறி நின்று நிமிர்ந்தால், முன்வரிசையில் எங்கள் ஆபீஸ் மேனேஜர், குடும்பத்தோடு. அவர் என் வெறுங்காலைப் பார்த்தார். நான் பூசணிக்காயைப் பார்த்தேன்.

முதல் பாட்டு. சபையின் கீபோர்டு ஒரு சுருதியில் போயிற்று, ஆர்கன் அதற்குக் கொஞ்சம் கீழே போயிற்று. பாடகர் குழுவில் பெண்கள் கீபோர்டோடு சேர்ந்துகொண்டார்கள், ஆண்கள் ஆர்கனோடு. சபை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது. முதலில் குழந்தைகள் சிரித்தார்கள். பிறகு அவர்களை அதட்டிய பெரியவர்களும் சிரித்தார்கள். செயலாளர் வந்து அண்ணாச்சியின் கையை மெதுவாகக் கட்டைகளிலிருந்து எடுத்துவிட்டார்.

அண்ணாச்சி எழுந்து பின்பக்கம் வந்து ஒரு குழாயில் உள்ளங்கையை வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சில்லுனு இருக்குடே," என்றார். "நான் வெக்கையில வச்சு சுதி சேத்தேன். குளுந்தா குழாய் எறங்கும். எங்க ஊர்க் கோயில்ல ஏசி ஏது, எனக்கு நெனப்பே வரல. இம்புட்டு வருசமா ஊருக்கெல்லாம் குளுந்த காத்து விட்டவன், என் குழாய்க்குக் குளுரும்னு யோசிக்கல பாரு." துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "விடு. கழத்திருவோம். எனக்குக் கழத்தத்தான் வரும்."

அவர் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை. எத்தனையோ நாள், இந்த மனுஷனுக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தால் தேவலையே என்று வேண்டியிருக்கிறேன். வந்த பிறகு அதை என்னால் பார்க்க முடியவில்லை.

ஏசி சுவிட்சு, பிரசங்க மேடைக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. போதகர் பிரசங்கத்தை ஆரம்பித்திருந்தார். நான் வெறுங்காலோடு எழுந்து, மேனேஜருக்கு முன்னால், சபை முழுக்கப் பார்க்க, போதகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏசியை அணைத்தேன். திரும்பி நடந்து எல்லாக் கதவுகளையும் அகலத் திறந்துவைத்தேன். அக்டோபர் மாதத்துத் தோஹா பிற்பகல் உள்ளே வந்தது.

செயலாளர் என்னை ஓரத்தில் மடக்கினார். "யாரு தம்பி நீங்க? எந்தக் குடும்பம்?"

"காத்து மிதிக்கிறவன் சார். குழாய் சூடாகணும்."

"ஜனங்க வேகுறாங்க."

"ஒரே ஒரு பாட்டுக்குத்தான் சார். அப்புறம் என்னைப் போலீஸ்ல வேணும்னாலும் குடுங்க." சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். காது இரண்டும் எரிந்தது. நகரவில்லை.

கோட்டுகள் கழன்றன. பட்டுச்சேலைகள் நனைந்தன. பாட்டுத் தாள்கள் விசிறிகளாயின. போதகர் ஒன்றாம் குறிப்பிலிருந்து நேராக முடிவுரைக்குத் தாவினார். அந்தச் சபையில் பிரசங்கம் அவ்வளவு சீக்கிரம் முடிந்ததே இல்லை என்று பிறகு பலர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள்.

அண்ணாச்சி குழாயைத் தொட்டுப் பார்த்தார். போய்க் கட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். செயலாளருக்குத் தடுக்கத் தெம்பில்லை. நான் சுவிட்சை விட்டு ஓடிவந்து மிதித்தேன். கடைசிப் பாட்டு ஆரம்பித்தது.

சுத்தம் என்று சொல்ல மாட்டேன். பெரிய குழாய் ஒன்று இன்னும் குளிர் விடாமல் முனகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆர்கனும் கீபோர்டும் ஆணும் பெண்ணும் ஒன்றாகப் போனார்கள். வேர்வை சொட்டச் சொட்ட அத்தனை பேரும் எழுந்து நின்று பாடினார்கள். கதவருகே வந்து நின்ற பிலிப்பினோக்கள் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். குழாய்களின் இடுக்கு வழியாக எனக்கு அண்ணாச்சியின் தோள் மட்டும் தெரிந்தது. அது குலுங்கிக்கொண்டிருந்தது. நான் அழுதேனா என்று கேட்டால், அன்றைக்கு அந்தக் கூடத்தில் எல்லார் முகமும் ஈரமாகத்தான் இருந்தது.

முடிந்ததும் செயலாளர் கழுத்தைத் துடைத்தபடி வந்தார். "பாட்டு நல்லா இருந்துச்சு அண்ணாச்சி. ஆனா இது இனிமே வேண்டாம்."

"வேண்டாம் சார்," என்றார் அண்ணாச்சி. "ஒண்ணு பேசிட்டு. அது போதும்."

ஆர்கனைப் பிலிப்பினோக் கிட்டார்க்காரர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் ஆபீசில் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, அன்பான குரலில், "தம்பி, நீங்க எப்போ ஞானஸ்நானம் எடுத்தீங்க?" என்றார். "எடுக்கல சார். மிதிக்கத்தான் வந்தேன்" என்றேன். சாயங்காலத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. கூசத்தான் செய்தது. ஆனால் யாரிடமும் இல்லை என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் அண்ணாச்சி ஊருக்குப் போய்விட்டார். அவர் கட்டிலுக்கு ஒரு வங்கி உத்தியோகஸ்தன் வந்தான். தங்கமான பையன். எதையும் ஊத மாட்டான், எதையும் உரிக்க மாட்டான், தெருவில் அவனோடு நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு மாதம் அவனோடு இருந்து பார்த்தேன். பிறகு வேறு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.