நீலக் கதவு வாசல் அல்ல

சுங்கை பிதாரா,
ஆற்று வளைவு.
வியாழக்கிழமை காலை.

மாப்பிள்ளை குர்சானி அவர்களுக்கு ஜும்பேரி எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். ஆறும் நலம், இன்று காலை ஆறு மணிக்கு ஒரு மீட்டர் எழுபத்திரண்டு. ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆனபிறகும் இதை எதற்கு எழுதுகிறேன் என்று தங்கை அர்பைனா சிரிப்பாள். முப்பத்தொரு ஆண்டுகள் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டம் எழுதிய கை. வேறு எப்படித் தொடங்குவது என்று அதற்குத் தெரியவில்லை. உங்கள் முழங்கால் வலி குறையவும், என் தங்கையின் கோபம் குறையவும் ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். முதலாவது நிச்சயம் நடக்கும்.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பஞ்சார்மாசினில் உங்கள் வாடகை வீட்டை நோன்பு தொடங்குவதற்குள் காலி செய்ய வேண்டும். நகரத்துக் குடியிருப்பில் இரண்டு அறை வாங்குவதா, இங்கே ஹாஜியார் பஹ்ருனின் மிதவை வீட்டை வாங்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். "மச்சான், உள்ளதை உள்ளபடி சொல்லுங்க" என்று போனில் கேட்டீர்கள். பின்னாலிருந்து அர்பைனா, "அண்ணங்கிட்டக் கேட்டா எல்லாமே நல்லாருக்குன்னுதான் சொல்லும்" என்றதும் என் காதில் விழுந்தது. ஆகவே இந்தக் கடிதத்தில் நல்லது எதுவும் இருக்காது.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இங்கே சிக்னல் கிடைப்பது படகுத்துறையின் கடைசிப் பலகையில் மட்டும். அங்கே எப்போதும் பத்துப் பதினோரு பேர் நிற்கிறார்கள். போன மாதம் என் மகனிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீடு திரும்புவதற்குள் நாலு வீட்டிலிருந்து கஷாயம் வந்து படியில் இருந்தது. அதனால்தான் படகுக்காரரிடம் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் விளம்பரம். நீங்கள் போனில் பார்த்த படத்தை எடுத்துப் போட்டவன் மஸ்ரான்ஷா. முன்பு பாட்டிலில் பெட்ரோல் விற்றான், இப்போது ஊரை விற்கிறான். "முன்பக்கம் சாலை, பின்பக்கம் ஆறு, அழகிய நீல வாசல்" என்று எழுதியிருந்தான் அல்லவா? அர்பைனாவுக்கு அந்த நீலக் கதவு மிகவும் பிடித்துப்போனதாகச் சொன்னீர்கள். மாப்பிள்ளை, அது வாசல் அல்ல. கக்கூஸ்.

இதில் மஸ்ரான்ஷாவை முழுப் பொய்யன் என்றும் சொல்ல முடியாது. சாலை வந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன. அதுவரை இந்த ஊரில் முன் என்றால் ஆறு, பின் என்றால் சேறு. விருந்தாளி படகில் வருவார், தின்பண்டத்தோடு வாசலில் நிற்போம். அடுப்பு, மீன் சட்டி, கக்கூஸ் எல்லாம் சேற்றுப் பக்கம். சாலை போட வந்தவர்கள் சேற்றுப் பக்கமாகப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரே ஆண்டில் ஊரே விருந்தாளிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னமும் முன் என்றால் ஆறுதான். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு முன் என்றால் சாலை. சரியாக நாற்பதில் இருப்பவர்கள் கையைக் காட்டித்தான் பேசுகிறார்கள்.

திங்கட்கிழமை நானே போய் வீட்டைப் பார்த்தேன். அடியில் மிதக்கும் பெருங்கட்டைகள் இருபத்திரண்டு. ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன். பத்தொன்பது கெட்டி, மூன்று மட்டும் தேநீரில் நனைந்த ரொட்டி. எலி உண்டு. உடும்பும் ஒன்று உண்டு, எலியை அது பார்த்துக்கொள்கிறது. ஆற்றில் விரால் மிகப் பெரிதாகக் கிடைக்கிறது. இதுவும் ஒரு தொல்லைதான். உங்கள் அக்கா, என் மஸ்னா, மௌத்தானபிறகு ஒரு விராலை நான் தனியாக மூன்று நாள் சாப்பிட வேண்டியிருக்கிறது.

நான் கட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தபோதே மஸ்ரான்ஷா வந்து சேர்ந்தான். "உங்க மாப்பிள்ளைக்கு வாசல் சாலையப் பாக்கணும், அவ்வளவுதானே அண்ணே? இது என்ன செங்கல் வீடா? நாலு கயித்த அவுத்துத் திருப்பிக் கட்டுனா முடிஞ்சுது!"

ஹாஜியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் வீட்டு மூஞ்சியத் திருப்ப நீ யாருடா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி ஹாஜியம்மா ரம்லா குரல் கொடுத்தார். "திருப்பட்டும்ங்க! நாலு வருசமா வர்றவங்க எல்லாம் என் மீன் சட்டியத் தாண்டித்தான் உள்ள வர்றாங்க. வித்தாத்தானே மார்த்தாபுராவுக்கு மககிட்டப் போய்ச் சேரலாம்? இவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டே இங்கயே உக்காந்திருக்கவா?"

ஹாஜியார் அடங்கினார். மஸ்ரான்ஷா என் பக்கம் திரும்பினான். "அண்ணே, தண்ணி எப்ப நிக்கும்?"

மாப்பிள்ளை, இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கடல் ஏற்றம் எங்கள் சிற்றாறு வரை வந்து திரும்பும் என்பது உங்களுக்குத் தெரியும். ஏற்றத்துக்கும் வடிதலுக்கும் நடுவே தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். வீட்டைத் திருப்புவதென்றால் அந்த இடைவெளியில்தான் திருப்ப வேண்டும். "செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு நிற்கும். நாற்பது நிமிடம் நிற்கும்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை பதினான்கு பேர் வந்தார்கள். ஏழு பேர் கிழம், ஏழு பேர் இளவட்டம். கிழங்கள் ஒரு கயிற்றையும் இளவட்டங்கள் மறு கயிற்றையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே கயிற்றில் சேர்ந்தால் சண்டை வருமாம். சொன்னபடி ஒன்பது பத்துக்குத் தண்ணீர் நின்றது. நாலு கயிறும் அவிழ்க்கப்பட்டு, வீடு கரையை விட்டு நகர்ந்து பாதி திரும்பியது. அதுவரை நன்றாகத்தான் போனது. அப்போது ஹாஜியார் சும்மா இருந்திருக்கலாம். துறையில் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கி, "முன்னாடி இழுங்கடா!" என்று கத்தினார்.

கிழங்கள் ஆற்றுப் பக்கம் இழுத்தார்கள். இளவட்டங்கள் சாலைப் பக்கம் இழுத்தார்கள். இரண்டு கூட்டமும் நல்ல பலசாலிகள். வீடு ஆற்றின் குறுக்கே, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக, கதவு போட்டு அடைத்ததுபோல் நின்றுவிட்டது.

"முன்னாடின்னு சொன்னேன்ல!"

"முன்னாடிதானே இழுக்கறோம் ஹாஜியாரே!"

"அது பின்னாடிடா!"

"யாருக்குப் பின்னாடி? உங்களுக்கா, எங்களுக்கா?"

ஒன்பது இருபத்திரண்டுக்கு, ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து ஒரு கல்யாணப் படகு வந்தது. மஞ்சள் பட்டில் மணமகன், பின்னால் மேளம், தட்டுத் தட்டாகச் சீர். நிக்காஹ் பத்து மணிக்கு. மணமகனின் மாமா எழுந்து நின்று, "யாருய்யா ஆத்துல வீடு வச்சது?" என்றார். ஹாஜியம்மா வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தவர், கரண்டியோடு வெளியே வந்தார். "வழி இல்லன்னா என்ன, வீடு இருக்குல்ல? உள்ள ஏறி அந்தப் பக்கமா இறங்குங்க." முப்பத்திரண்டு பேர் ஆற்று வாசலில் ஏறி, கூடத்தைக் கடந்து, ஆளுக்கொரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு, அடுக்களை வழியாக அந்தப் பக்கம் நின்ற ஊர்ப் படகுகளில் இறங்கினார்கள். மணமகன் மட்டும் பதற்றத்தில், வெளியே போகும் வழி என்று நினைத்து, அர்பைனாவுக்குப் பிடித்த நீலக் கதவைத் திறந்தான். உள்ளே அவனுடைய மாமா இருந்தார்.

இந்தச் சிரிப்பில் யாரும் தண்ணீரைப் பார்க்கவில்லை. ஒன்பது முப்பதுக்கு அது வடியத் தொடங்கியது. கயிறுகள் கையிலிருந்து உருவிக்கொண்டு போயின. பதினான்கு பேரும் துறையில் நிற்க, வீடு மட்டும் பக்கவாட்டில் மெதுவாகக் கிளம்பியது. ஹாஜியம்மா ஜன்னலில் தெரிந்தார். கரையிலிருந்து யாரோ, "எங்க போறீங்க ஹாஜியம்மா?" என்று கேட்டார்கள்.

"எங்கயும் போகல. வீட்டுலதான் இருக்கேன்!"

ஹாஜியார் கரையோரம் அறுநூறு மீட்டர் ஓடினார். இத்தனை ஆண்டுகளில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. வீட்டுக்குச் சேதமில்லை, ஹாஜியம்மாவுக்கும் ஒன்றுமில்லை. எண்ணெய்ச் சட்டிகூடச் சிந்தவில்லை என்கிறார். என் வீடு கீழே வளைவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். வடியும் தண்ணீர் ஊரில் எதைக் கொண்டுபோனாலும் என் படியில்தான் சேர்க்கும். வாத்துக் கூண்டு, வாளி, ஒரு முறை பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம் எல்லாம் அங்கே வந்திருக்கின்றன. இந்தமுறை வீடு வந்தது. எப்படியோ என் வீட்டை ஒட்டி நின்றுவிட்டது.

அதன்பிறகுதான் உண்மையான தொல்லை. தொழும் திசையான கிப்லா தெரிவதற்காக ஹாஜியார் கூடத்துத் தரையில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருந்தார். அந்தக் கோடு இப்போது அரிசி ஆலையைப் பார்க்கிறது. தொழுகை விரிப்பைக் குறுக்காகப் போட்டுச் சமாளிக்கிறார். ஊர்த்தலைவர் பத்திரத்தை எடுத்து வந்தார். முன்னே ஆறு, பின்னே கரை, வலப்புறம் மசூதித் துறை, இடப்புறம் பனைக் கூட்டம் என்று நான்கு எல்லை போட்டிருக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "ஹாஜியாரே, பத்திரம் அங்க இருக்கு, வீடு இங்க இருக்கு. ரெண்டுல ஒண்ணத்தான் நான் நகத்த முடியும். பத்திரந்தான் லேசு. ஆனா எழுதறதுன்னா வாங்கறவர் பேர்லயே எழுதிடலாம். சீக்கிரம் சொல்லுங்க." மஸ்ரான்ஷா அன்று மாலையே விளம்பரத்தை மாற்றிவிட்டான்: "ஆற்று வளைவில், இரண்டு பக்கமும் முன்பக்கம், தொந்தரவில்லாத அயலார்." அயலார் என்பது நான்.

ஆக, மாப்பிள்ளை, தொகுத்துச் சொல்கிறேன். வாசல் எது என்று தெரியாத வீடு. தானாக நடக்கும் வீடு. அடியில் மூன்று கட்டை ஊறிப்போனவை. எல்லை பொருந்தாத பத்திரம். மார்க்கெட்டுக்கு முன்னைவிட அறுநூறு மீட்டர் அதிகம், உங்கள் முழங்காலையும் யோசிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் விடியற்காலை ஆறு மணிக்கு எழுந்து தண்ணீர் அளவைச் சத்தமாகச் சொல்கிறான். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சொல்கிறான். நகரத்து இரண்டு அறையையே வாங்குங்கள். அது அசையாது.

உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும், கீழே தண்ணீர் ஓடாத தரையும் தரட்டும். அர்பைனாவுக்கு என் சலாம். இந்தப் படகில் பலாத்தோல் ஊறுகாய் ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன். ஜாடி மஸ்னாவுடையது, திரும்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஜும்பேரி

பி.கு.: மேலே உள்ளதை எழுதியது அளவுகோல் பார்த்தவன். நீங்கள் உள்ளது உள்ளபடி கேட்டீர்கள், எழுதினேன். இதை எழுதுவது அர்பைனாவின் அண்ணன். சுங்கை பிதாராவில் தண்ணீர் நாற்பது நிமிடம் நின்றதே கிடையாது. முப்பத்தொரு ஆண்டுகளில் மிக அதிகம் இருபத்திரண்டு. என் பதிவேட்டில் இருக்கிறது, ஊரில் யாரும் அதைப் படித்ததில்லை. வீடு என் படியில் எப்படியோ நின்றுவிடவில்லை. கயிறு என்னுடையது. அன்று விடியற்காலையிலேயே சுருட்டிப் படியில் தயாராக வைத்திருந்தேன், தண்ணீர் வடியுமுன்பே நானும் அங்கே வந்துவிட்டேன். ஹாஜியார் 'முன்னாடி' என்று கத்துவார் என நான் கணக்குப் போடவில்லை, அது அவர் செய்த உதவி. ஊறிப்போன மூன்று கட்டைகளையும் நேற்று மாற்றிவிட்டேன். உங்கள் அடுக்களை ஜன்னலுக்கும் என் அடுக்களை ஜன்னலுக்கும் நடுவே ஒரு மீட்டர் நாற்பது. விரால் குழம்புக் கிண்ணத்தைக் கை நீட்டி வாங்கலாம், கிண்ணத்தோடு அளந்து பார்த்துவிட்டேன். கயிறு பௌர்ணமி ஏற்றம் வரை தாங்கும். அதற்குள் வாருங்கள். ஹாஜியாருக்கு இது தெரிய வேண்டாம். ஹாஜியம்மாவுக்குத் தெரியும். நான் வீசிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துத் தூணில் கட்டியவர் அவர்தான். முடிச்சை இறுக்கிவிட்டு, "தங்கச்சிய வரவழைக்க வீட்டையேவா கடத்துவாங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டு இன்னொரு முடிச்சும் போட்டார்.