இரண்டு புரெக் கடைகளும் நடுவில் ஒரு கேள்விக்குறியும்

துஸ்லா, செவ்வாய்க்கிழமை மதியம்

கிராட்ஸில் மகன் வீட்டில் இருக்கும் மதிப்பிற்குரிய ரஸியா அத்தை அவர்களுக்கு, நெய்ரா பணிவுடன் எழுதுவது. தாங்களும் புதிதாய்ப் பிறந்த பேரனும் அவனைப் பெற்ற மருமகளும் சுகமென்று மாமா சொன்னார், மகிழ்ச்சி. இங்கே மாமா சுகம், பூனை சுகம், கடையில் பாலாடைக்கட்டிச் சிர்னிட்சா பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிடுகிறது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் "ம்" மட்டும்தான் சொல்வேன் என்பது உங்களுக்குத் தெரியும், இது "ம்" சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. நாளைக் காலை கிராட்ஸ் பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புவேன். அவருக்குக் காபிக்கு ஏதாவது கொடுங்கள்.

நான் முதலில் கவனித்தது தராசைத்தான். நீங்கள் எனக்குக் காபி வைக்கும் வேலை வாங்கிக் கொடுத்த போட்டி ஆணையத்தில் தபால் உறைகளை நிறுப்பதற்கு ஒரு சின்னத் தராசு இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை காபி கொண்டுபோனபோது அதன்மேல் டாக்டர் செனாதின் புரெக் உட்கார்ந்திருந்தது. அவர் அதைத் தின்னவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியும், தலைமைப் பொருளியலாளர், எதிர்க்கடை மிர்சாதிடம் நான் தினமும் வாங்கி வரும், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட புரெக் அவருக்குத்தான். நம் கடைச் சிர்னிட்சா அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் டாக்டர் வெஸ்னாவுக்கு. இருவரும் எதிலும் ஒத்துப்போகாதவர்கள், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதிலிருந்து. ஆனால் அன்று அந்த அம்மாவும் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு தராசுக்கு வந்தார், இருவரும் ஒரே தாளில் எடையையும் விலையையும் எழுதினார்கள். அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது, அத்தை. எனக்கு அப்படி ஆவதற்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை, கரும்பலகை முன்னால் நின்று வாய்விட்டுப் பதில் சொல்ல முடியாமல் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான், ஆனாலும் இது வேறு மாதிரிப் பயம்.

விஷயம் இதுதான். உங்கள் கடையிலும் மிர்சாத் கடையிலும் இரண்டு மாதத்தில் மூன்று முறை விலை ஏறியிருக்கிறது, மூன்று முறையும் ஒரே நாளில், ஒரே அளவில். கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசிவைத்து விலை ஏற்றுகிறார்களா என்று பார்ப்பதுதான் இந்த ஆணையத்தின் வேலையே. நான்கு வருடமாக ஒரு சிமெண்டு வழக்கு நடக்கிறது, ஒரு சிமெண்டு மூட்டையைக்கூட அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. புரெக்கையோ தினமும் பார்க்கிறார்கள், கடிக்கவும் செய்கிறார்கள். அதனால் சிமெண்டை ஓரமாக வைத்துவிட்டு இதில் இறங்கிவிட்டார்கள். முதல் இரண்டு நாள் சண்டையிலேயே போயிற்று. புரெக்கும் சிர்னிட்சாவும் ஒரே சந்தையா, இரண்டு சந்தையா என்பதுதான் சண்டை. ஒன்று கொஞ்சம் விலை ஏறினால் ஜனங்கள் மற்றதற்கு மாறுவார்களா என்று பார்க்க வேண்டுமாம். டாக்டர் வெஸ்னா டாக்டர் செனாதிடமே கேட்டுவிட்டார்.

"செனாத், புரெக் விலை ஏறினா நீங்க சிர்னிட்சாவுக்கு வருவீங்களா, மாட்டீங்களா?"

"பட்டினி கிடப்பேன். இறைச்சி வச்சாத்தான் புரெக். பாலாடைக்கட்டி வச்சதுக்கு நான் எதுக்கு வரணும்?"

"நான் சந்தையைப் பத்திக் கேட்டேன். உங்க பிடிவாதத்தைப் பத்தி இல்ல."

பிறகு இருவரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பி, நீ சொல்லு நெய்ரா, நீ மாறுவியா என்று கேட்டார்கள். காபி தட்டில் கொட்டியது. டாக்டர் செனாத் தலையை ஆட்டிவிட்டு, "இந்த நுகர்வோருக்கு எதுவானாலும் ஒண்ணுதான்" என்று எழுதிக்கொண்டார். நான் சிர்னிட்சா தவிர வேறெதுவும் தொடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் அது அறிக்கையில் ஏறிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

வியாழக்கிழமை வெள்ளைப் பலகையில் இரண்டு வட்டம் போட்டார்கள், ஒன்று நீங்கள், ஒன்று மிர்சாத். கார் நிறுத்தும் இடத்துக்காகப் பதினொரு வருடமாக நீங்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்று அவர்களும் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். பேசாதவர்கள் எப்படிப் பேசிவைத்து விலை ஏற்ற முடியும் என்று டாக்டர் செனாத் தலையைச் சொறிந்தார். டாக்டர் வெஸ்னா எழுந்துபோய் இரண்டு வட்டத்துக்கும் நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டு, "நடுவுல ஒரு ஆள் இருக்கு. ரெண்டு கடைக்கும் தினமும் போற ஆள்" என்றார். மாவு வியாபாரியா, தயிர் வண்டிக்காரனா என்று அரை மணி நேரம் பேசினார்கள். இரண்டு கடைப் பொட்டலங்களையும் கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். அத்தை, அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. பொட்டலத்தைத்தான் பார்த்தார்கள். சாயங்காலம் பலகையைத் துடைக்கச் சொன்னார்கள், நான் கேள்விக்குறியை மட்டும் துடைத்தேன். மறுநாள் அது திரும்பவும் வந்திருந்தது, முன்னைவிடப் பெரிதாக.

நான் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை என்பதற்கு நீங்கள்தான் சாட்சி. மிர்சாத் ஒவ்வொரு காலையும் புரெக்கைக் காகிதத்தில் சுற்றும்போது, மகளே, எதிர்ல என்ன விலை போட்டிருக்காங்க என்று கேட்பார். எனக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். பொய் சொல்ல நிறையப் பேச வேண்டும், தெரியாது என்று சொன்னால் இன்னும் நாலு கேள்வி வரும், விலையைச் சொன்னால் ஒரே வார்த்தையில் வெளியே வந்துவிடலாம். அதனால் சொன்னேன். தெருவைத் தாண்டினால் நீங்கள் அதையே கேட்பீர்கள், உங்களிடமும் சொன்னேன். இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நீங்கள் ஊருக்குப் போவதற்கு முன்னால், அந்தச் சனிக்கிழமை, என் கையில் உருண்டையாகப் பாலாடைக்கட்டியை வைத்துவிட்டு, "ஏண்டி, திங்கள்லேருந்து நான் ஏத்தப்போறேன்னு அவன் காதுல போட்டுவை" என்றீர்களே, நினைவிருக்கிறதா? நான் போட்டேன். திங்கட்கிழமை காலை அவரும் பலகையில் சுண்ணக்கட்டியால் அதே எண்ணை எழுதியிருந்தார். ஏறப்போகிற விலையை முன்கூட்டிச் சொல்வதுதான் இருப்பதிலேயே பெரிய குற்றமாம். ஒரே நாளில் ஏறியதென்றால் இங்கே அதுதான் நடந்திருக்கிறது, சிமெண்டு ஆட்கள்கூட அதை நேரடியாகச் செய்யவில்லை என்று டாக்டர் வெஸ்னா வியந்துபோய்ச் சொன்னார்.

இதை எழுதும்போது மூன்று முறை எழுந்து தாழ்வாரத்தை எட்டிப் பார்த்துவிட்டேன். என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள், அதுதான் என் பயம். இந்த ஊரில் பேசாமல் பார்க்கக்கூடிய வேலை இது ஒன்றுதான். கடையில் நிற்கச் சொன்னால் வாடிக்கையாளரிடம் பேச வேண்டும், ரொட்டித் தொழிற்சாலையில் பெண்கள் எந்நேரமும் பேசுகிறார்கள். இங்கே காபி வைத்தால் போதும், அவர்களே பேசிக்கொள்வார்கள். உங்களுக்கும் அபராதம் வரும், அது எனக்குப் பிறகுதான் தோன்றியது, மன்னியுங்கள்.

நேற்று இன்னொன்று கேட்டேன். இந்த மாதிரிக் கூட்டுக்களவில் யார் முதலில் வந்து எல்லாவற்றையும் சொல்கிறார்களோ அவர்களுக்கு முழு மன்னிப்பு. இரண்டாவது வருபவருக்குப் பாதி. மூன்றாவது வருபவருக்கு ஒன்றும் கிடையாது, அவர் தலையில்தான் எல்லாம் விழும். வாசல் பதிவேட்டில் எழுதிய நேரத்தை வைத்து நிமிடக் கணக்கில் பார்ப்பார்களாம். "மிர்சாத் வந்துருவான். இன்னிக்குப் புரெக்கை ஞாபகமில்லாம ரெண்டு காகிதத்துல சுத்தியனுப்பியிருக்கான்" என்றார் டாக்டர் செனாத். அவர் அதையும் குறித்துவைத்திருக்கிறார்.

அத்தை, நான் யோசித்து முடிவு செய்துவிட்டேன். நான் வாய் திறக்கப்போவதில்லை. முதல் இடம் உங்களுடையது, கடை உங்களுடையது, வேலை வாங்கிக் கொடுத்ததும் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்துவிடுங்கள், திங்கட்கிழமை காலை நேராக மேலே வந்து டாக்டர் வெஸ்னாவிடம் சொல்லிவிடுங்கள். நான் உங்களுக்குக் காபி கொண்டுவந்து வைப்பேன், உங்களை முன்பின் தெரியாத மாதிரி நிற்பேன். அதுவரை யார் கேட்டாலும் என்னிடமிருந்து ஒரு சொல் வராது. இதை நீங்கள் முழுதாக நம்பலாம்.

பேரனுக்கு என் முத்தங்கள். அவனுக்கு நீண்ட ஆயுளும், கேட்டதற்குத் தயங்காமல் பதில் சொல்லும் வாயும் கிடைக்க வேண்டுகிறேன். மருமகளுக்கு ஸலாம். தங்கள் கைகளை முத்தமிடும்,
நெய்ரா

பின்குறிப்பு: புதன்கிழமை காலை, எட்டு மணி. பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது, அதனால் இதையும் சேர்க்கிறேன். ஏழரைக்கு ஆணையத்தைத் திறக்க வந்தேன். படிக்கட்டில் மிர்சாத் உட்கார்ந்திருந்தார், மகள் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு. "மகளே, உங்க அத்தை ஊர்லேருந்து வந்துட்டாளா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அப்படி நான் அவரிடம் பேசாமல் நின்றது இதுதான் முதல் தடவை, அவரும் திகைத்துப்போனார். சாவி என்னிடம்தான் இருந்தது. உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். வருகிறவர்கள் பெயரும் நேரமும் எழுதும் வாசல் பதிவேட்டைத் திறந்து, முதல் வரியில் என் பெயரை எழுதினேன், ஏழு முப்பத்திரண்டு. இரண்டாவது வரியில் உங்கள் பெயரை எழுதினேன், ஏழு முப்பத்து மூன்று. பிறகு மிர்சாதுக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.