சர்ச் மணியின் முதல் மரை

கர்த்தருக்குள் அன்பான தம்பி சாலமோனுக்கு, சிட்லபாக்கத்திலிருந்து அக்கா பியூலா எழுதுவது. இங்கே என் முழங்கால் தவிர எல்லோரும் சுகம். பொத்தேரியில் நீங்களும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். பேசாமலிருந்த இரண்டு வருஷமும் ஜெபித்தேன், பெயரை மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

விஷயம் நம் சர்ச் மணி. அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காய் ஏலம் போய்க்கொண்டிருந்தபோது நீ கயிற்றை இழுத்தாய், மணி போதகர் ஐயாவின் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. அதன் போல்ட்டை முடுக்குகிறவன் நீ என்பதால், சபையே கேட்க உன்னை மரை கழண்டவன் என்றேன். அன்று போனவன் என் வீட்டுப் படி ஏறவில்லை. கமிட்டி இரண்டு வருஷம் கூடிக் கூடிப் பேசி, நேற்றுதான் மணியை மாட்ட ஃபிட்டர் ஜெயவேலுவை அழைத்தது. நானும் போய் நின்றேன். உள்ளே பத்துச் சுற்று மரை உள்ள பெரிய நட்டாகப் போடப்பா, பத்தும் சேர்ந்து தாங்கும் என்றேன்.

ஜெயவேலு சிரித்தார். "எங்க தாங்குது ஆயா? பாரத்த ஒட்டிக் கீற மொத மரைதான் மூணுல ஒரு பங்கு தாங்கும். அடுத்த ரெண்டு கொஞ்சம் கை குடுக்கும். மிச்சமெல்லாம் சும்மா நின்னுகினு கீது."

எனக்குப் புல்லரித்துவிட்டது. தொண்ணூற்றொன்றில் அம்மா பக்கவாதத்தில் கிடந்தபோது பிள்ளைகள் நாம் ஐந்து பேர். பீ மூத்திரம் அள்ளினது நான், ஆரஞ்சுப் பழத்தோடு வந்து போனது நீ, மற்ற மூன்று பேரும் ஜெபத்தில் தாங்கினார்கள். நான் சொல்லி யாரும் நம்பாததை ஒரு இரும்புத்துண்டு சொல்லிவிட்டதே!

பிறகு ஜெயவேலு உடைந்த போல்ட்டைக் காட்டினார். சரியாக அந்த முதல் மரையிலேயே முறிந்திருந்தது. முறிந்த இடம் முக்கால்வாசி துருவேறிக் கறுப்பு, ஓரத்தில் நகத்தளவு மட்டும் பளபளப்பு. கறுப்பு பல வருஷமாக மயிரிழை மயிரிழையாக ஓடின வெடிப்பாம், பளபளப்புதான் அன்றைக்கு முறிந்ததாம். நகத்தளவு இரும்பு அத்தனை பெரிய மணியைத் தாங்கி நின்றிருக்கிறது, நான் அதன் கீழே நின்று செருப்பு மாட்டியிருக்கிறேன்.

நட்டின் இரும்பு கொஞ்சம் மிருதுவாக இருந்தால் முதல் மரை வளைந்து கொடுக்கும், பாரம் பின்னால் நிற்கிற மரைகளுக்கும் போகும் என்றார் ஜெயவேலு. வெங்காயம் உரிக்கையிலும் அதே யோசனை. நான் வளைந்து கொடுத்தவள் இல்லை. ஆகையால் எழுதிவிடுகிறேன்: அன்றைக்குச் சொன்னது தப்பு, உன் மேல் குற்றமில்லை.

உன் மகள் பிளஸ்ஸிக்கு என் முத்தம். என் இட்லிப் பானையை இன்னும் வைத்திருக்கிற உன் மனைவி ஆஷாவையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
அக்கா பியூலா

பி.கு.: கவரை ஒட்டுமுன் ஜெயவேலுவிடம் வெடிப்பு ஏன் வந்தது என்று கேட்டேன். நட்டை இறுக்க முடுக்காமல் விட்டால் ஒவ்வொரு அடிக்கும் போல்ட் இழுபட்டு இழுபட்டு முதல் மரையில் வெடிக்குமாம். பதினொரு வருஷம் முடுக்கினது யார்? மேலே எழுதின மன்னிப்பு ரத்து. ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு வா. நீயே முடுக்கு, நான் மணிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்காருகிறேன்.