ஏஞ்சலின் கையும் காட்கோபர் மணப்பெண்ணின் கொண்டையும்

தாராவி,
14-5-1966

சேசுவின் கிருபையால் தலைமுடி ஒன்றுகூட உதிராமல் வாழும் அருமைத் தங்கை தெரசம்மாளுக்கு, பம்பாய் மாநகரின் ஒரு பாதியைத் தோளில் தாங்கி நிற்கும் அண்ணன் வேதமுத்து எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் மச்சானும் ஆடுகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

உன் மகள் ஏஞ்சலை அழைத்துப்போக வடக்கன்குளத்திலிருந்து அடுத்த வாரம் புறப்படுவதாக எழுதியிருந்தாய். புறப்படாதே! மாதுங்காவில் மெஹராஜ் பீவியின் பெண்கள் முடியலங்காரக் கடையில் ஏஞ்சல் முதல் மாதம் பட்ட பாடு உண்மைதான். அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் பக்கத்து வடாலாவில் ஓடுகள் சரிந்தன. "வலிக்காக்கா? புடிக்கலயாக்கா? கழட்டிரட்டாக்கா?" என்று ஒரு கொண்டைக்கு நாற்பது தடவை கேட்டால் எவள் உட்காருவாள்? ஒருத்தி பாதிக் கொண்டையோடு பஸ் ஏறிவிட்டாள். இன்னும் ஒருத்தி எழுந்து போனால் நீயும் போ என்று பீவி சொல்லிவிட்டார். பிள்ளை அழுதாள்.

நான் விடுவேனா? ஞாயிறு பூசை முடிந்ததும் நம் சந்துப் பெண்கள் பதினேழு பேரையும் வரிசையாக உட்காரவைத்தேன். "ஏட்டி, சும்மா சும்மா கேக்காத. ஒன் கையை நம்பு" என்றேன். பதினேழாவது தலையில் நடுக்கம் நின்றது. அப்போதுதான் ஒன்று கண்டேன், தங்கச்சி. பயந்தவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பயம் போனவளுக்குத்தான் எதிரே இருக்கிறவளின் முகம் தெரிகிறது.

நேற்று அவளைக் கூட்டிவரப் போய்க் கடை வாசலில் நின்றேன். காட்கோபரிலிருந்து சேசம்மாள் என்றொரு மணப்பெண் கல்யாணக் கொண்டைக்கு ஒத்திகை பார்க்க அத்தையோடு வந்திருந்தாள். இங்கே இப்போது கொண்டையை மாதா கோயில் கோபுரமாக உயர்த்துவதுதான் நாகரிகம். மாடி பஸ்ஸில் கீழே உட்கார்ந்தவளின் கொண்டைக்கு மேல்தட்டில் கண்டக்டர் தனி டிக்கெட் கிழிக்கிறான். அத்தைக்காரி "இன்னும் ஏத்து, இன்னும் ஏத்து" என்றாள். உன் மகள் மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், சீப்பைக் கீழே வைத்தாள். பீவிக்கு மூச்சு நின்றுவிட்டது.

"அக்கா, முக்காட்டு நெட்டைப் போட்டுட்டு இங்ஙனயே ஒருக்க முழங்கால் போடுங்க."

"கடையிலயா? இது என்னட்டி கூத்து?" என்றாள் அத்தை.

"கொண்டை கோயில்ல சாமியார் முன்னால விழுறதுக்கு, இங்கயே விழட்டும்."

மணப்பெண் முழங்கால் போட்டுத் தலை குனிந்தாள். நெட்டு, மலர்முடி, சவுரி மூன்றும் தரையில்! ஏஞ்சல் ஒரு கேள்வியும் கேட்காமல் கொண்டையைக் கழுத்தருகே இறக்கிக் கட்டி, பன்னிரண்டு தடவை முழங்கால் போடவைத்தாள். பூகம்பம் வந்தாலும் அசையாது. "கல்யாணத்தன்னைக்கும் நீதான் வரணும், வேற ஆளு வேண்டாம்" என்று அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பீவி நின்ற இடத்திலேயே வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்.

ஆகவே நீ வரவேண்டியதில்லை. மாதா உங்களைக் காப்பாராக. மச்சானுக்கு என் தோத்திரம், ஆட்டுக்குட்டிகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
தைரியத்தின் மொத்த வியாபாரி,
வேதமுத்து

பி.கு.: இதை வாசித்துப் பார்த்த ஏஞ்சல், "நிரந்தரமா? காலையிலேயே வேண்டாம்னு சொல்லிட்டேனே மாமா" என்கிறாள். செம்பூரில் சொந்தக் கடைக்கு அறை பேசி முடித்தாயிற்றாம். எனக்குத்தான் கைகால் ஓடவில்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு உடனே ரயிலேறு. திறப்பன்று முதல் தலை உன்னுடையதாம். எண்ணெய் வைக்காமல் வா.