பல் உடைந்த கேசட்

அன்றைக்கு எனக்கிருந்த வேலை ஒன்றுதான். ஒரு கேசட்டைத் தருமபுரிக்குக் கொண்டுபோய் மூன்று காப்பி எடுத்து வர வேண்டும்.

எண்பதுகளில் பாலக்கோட்டில் நான் கணக்கு வாத்தியார். பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. பாட்டு கேட்கிற அதே கேசட்டில்தான் அதற்கான புரோகிராமும் இருக்கும். டேப் ரெக்கார்டரில் போட்டால் கிறீச்சென்று கத்தும். கம்ப்யூட்டருக்கு அது புரியும்.

இந்தக் கேசட்டில் இருந்தது, திரையில் தமிழ் எழுத்தைக் காட்டும் புரோகிராம். எழுதிய இயற்பியல் ஆசிரியர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டார். வேறு பிரதி கிடையாது. மூன்று ஊர் ஆசிரியர்கள் கேட்டுக் கேட்டுக் கடிதம் போட்டார்கள்.

ஆகவே நான் பாதுகாவலன். யாரும் நியமிக்கவில்லை. கேசட்டின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் பல் உடைந்து ஓட்டையாக இருப்பதைப் பார்த்துப் பதறி, முதல் நாளே செல்லோடேப் ஒட்டிச் சரிசெய்திருந்தேன். அவ்வளவு அக்கறை!

ரெக்கார்டிங் கடை பாய் போட்டுப் பார்த்தார். கடையே அலறியது.

“சார், டேப்பு சிக்கிக்கிச்சுங்க!”

“சிக்கலை பாய். அதுதான் புரோகிராம்.”

“பாட்டு எப்பங்க வரும்?”

“வராது.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த காரிமங்கலம் நாடகக்காரர் எழுந்தே விட்டார். “பாய்! சுடுகாட்டு சீனுக்கு ஒரு சத்தம் கேட்டேனே, இதுதாங்க அது!”

எனக்குக் கோபம் வந்தது. இது பேய் இல்லை, விஞ்ஞானம் என்று ஆரம்பித்தேன்.

“சொல்லுங்க சார், முழுசா ஒருவாட்டி ஓடட்டும்” என்று பாய் கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, பக்கத்தில் ஏதோ பொத்தானை அழுத்தினார். நாடகக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். என் பேச்சுக்குத்தான் அந்த மரியாதை என்று நினைத்தேன்.

நாடகக்காரர் ஒரு கேசட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். வெள்ளிக்கிழமை. பாய் தொப்பியை எடுத்தார்.

“தொழுதுட்டு வந்து போட்டுத் தரேங்க.”

“நானே போட்டுக்கறேன் பாய்.”

“வேணாங்க. இடது பக்கம் பாடறது, வலது பக்கம் பதிவு பிடிக்கிறது. மாறிடும்.”

“கம்ப்யூட்டரே ஓட்டறவன் பாய் நான்!”

அவர் போனார். நான் இரண்டு கேசட்டையும் போட்டு ஓட்டினேன். சத்தமே வரவில்லை. வால்யூமைக் குறைத்துவிட்டுப் போயிருக்கிறார், விவரமான மனுஷன் என்று மெச்சிக்கொண்டேன்.

பாய் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

“சார், காலி கேசட்டு பாடுதுங்க. உங்க கேசட்டு பிடிக்குது.”

தமிழ் எழுத்து முழுவதும் போய்விட்டது. உயிர், மெய், ஆய்தம் எல்லாம்.

பாய் கேசட்டை எடுத்து முதுகைத் தடவினார். “இந்தப் பல்லை உடைச்சுட்டா மேல வேற எதுவும் பிடிக்க முடியாதுங்க. பட்டனே இறங்காது. காப்பாத்தத்தான் உடைப்பாங்க. எந்தப் புண்ணியவான் ஒட்டினான்?”

எந்தப் புண்ணியவான் என்று நான் சொல்லவில்லை.

“கோவிச்சுக்காதீங்க சார்,” பாய் குரலைத் தாழ்த்தினார். “உங்களைக் கேக்காம ஒரு தப்பு பண்ணிட்டேன். நீங்க வெளக்கம் சொல்லிட்டிருந்தப்ப, நாடகக்காரருக்கு முழுசா ஒரு காப்பி பிடிச்சுக் குடுத்துட்டேன்.”

அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மறுநாள் காரிமங்கலத்துக்கு ஓடினேன். நாடகக்காரர் வீட்டிலேயே வைத்துப் பேரம் பேசினார்.

“தரேங்க. எனக்கு பாய் வேற ஒண்ணு பிடிச்சுத் தரட்டும். ஆனா திருவிழா முடியறவரைக்கும் வேற எந்த நாடகத்துலயும் இந்தப் பேய் கத்தக் கூடாது.”

“சத்தியமா கத்தாதுங்க.”

பள்ளிக்கு எடுத்து வந்து போட்டேன். முதல் தடவையிலேயே திரையில் ‘அ’ வந்தது.

மூன்று ஆசிரியர்களுக்கும் காப்பி அனுப்பினேன். பாய்தான் எடுத்துக் கொடுத்தார். நான் கடைக்கு வெளியே நின்றேன். மூன்றிலும் ‘தமிழ் எழுத்து’ என்று லேபிள் ஒட்டி, பல்லை நானே உடைத்தேன்.

இப்போது மூலப் பிரதியாகிவிட்ட நாடகக்காரர் கேசட்டின் லேபிளில் மட்டும் இன்றைக்கும் ‘சுடுகாடு’ என்றுதான் இருக்கிறது.