வாங்க என்று கேட்காத வீடுகள்

செல்போன் மனிதனை என்ன செய்கிறது என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறதாம். நடக்கட்டும். ஆனால் ஆராய்ச்சிக்குப் போன வீட்டிலிருந்து நாற்காலியைத் தூக்கிவந்து நடுவீதியில் போட்டவர் உலகத்திலேயே எங்கள் ஆராய்ச்சிக்காரர் ஒருவர்தான். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீதியின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். மோட்டார் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாம் சில காலேஜ் பெண்களால் வந்தது. ஒரு நாள் வீடு வீடாக வந்து, போன் எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். வீதியே கூசாமல் பொய் சொன்னது. தூங்கும்போதும் போனை நெஞ்சில் வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், "அவசரத்துக்கு எடுக்கறதோட சரிங்க" என்றார். கேட்டுக்கொண்டு நின்ற கடைசி வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"கேட்டா எவன் நெசத்தைச் சொல்லுவான்? நேர்ல போய்ப் பாக்கோணுமுங்க" என்றார். அன்றைக்கே ஆராய்ச்சி தொடங்கிவிட்டது.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று கேட்டாக வேண்டும். சண்டைக்கு வந்தவனையும் கேட்டுவிட்டுத்தான் சண்டை. கேட்காமல் விட்டதற்காகப் பேச்சே நின்றுபோன பங்காளிகள் ஊருக்கு ஊர் உண்டு. ஆராய்ச்சிக்காரர் சத்தமில்லாமல் உள்ளே வந்து நிற்பார். போனிலிருந்து தலையைத் தூக்கி "வாங்க" என்றால் பாஸ். இல்லையென்றால் பெயில். ரிசல்ட் சாயங்காலம் பேக்கரியில், டீயோடு சேர்த்து வெளியாகும்.

முதல் பெயில் என் வீட்டுக்காரர். பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தது நான் என்று நினைத்து, நிமிராமலேயே, "அந்த ஃபேனைக் கொஞ்சம் வேகமா வெய்யி" என்றிருக்கிறார். மனுஷர் மரியாதையாக ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு, நாற்காலியோடு வெளியேறிவிட்டார். நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது நடுவீதியில் எங்கள் நாற்காலி, அதில் ஒரு நாய். என் வீட்டுக்காரர் அப்போதும் நிமிரவில்லை.

எதிர்வீட்டு டீச்சர் இன்னும் மோசம். வாசலில் நிழலாடியதும், "பார்சலை டேபிள்ல வெச்சிருங்க, ஓடிபி சொல்லோணுங்களா?" என்று போனைப் பார்த்தபடியே கேட்டார். இவர் கையிலிருந்த முட்டைக்கோசை வைத்துவிட்டு வந்துவிட்டார். அதைப் பொரியல் செய்து சாப்பிட்ட பிறகுதான், தான் ஆர்டர் போட்டது நைட்டி என்று டீச்சருக்கு ஞாபகம் வந்ததாம்.

ஒரு இழவு வீட்டையும் அவர் விடவில்லை. அங்கே யாரையும் "வாங்க" என்று கேட்கக் கூடாது என்பதால் பாஸ், பெயில் கிடையாது. வந்து என்னிடம் சொன்னார்: "அல்லாரும் தலையக் குனிஞ்சுட்டுத்தான் இருந்தாங்க அம்மணி. துக்கத்துலயா, போன்லயான்னுதான் கண்டுபுடிக்க முடியல."

ஒரு நாள் நான் போனில் குருமா செய்முறை பார்த்துக்கொண்டிருக்கும்போது சமையலறை வாசலில் வந்து நின்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஏனுங்க, உங்களுக்கு வேற சோலியே இல்லைங்களா?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ற தங்கச்சி வெள்ளகோவில்ல இருக்கறா அம்மணி. புள்ளைக்குக் கல்யாணம் முடிவானதைச் சொல்ல, பஸ்சு மாறி மாறி வந்து என்ற வாசல்ல நின்னா. நான் போன்ல ஒருத்தன் பாம்பு புடிக்கறதைப் பாத்துட்டிருந்தனுங்க. அவ வந்தது தெரிஞ்சுதுங்க. பாம்பைச் சாக்குல போட்டறட்டும், அப்பறம் 'வா கண்ணு'ன்னு கேக்கலாம்னு இருந்துட்டேன். நிமுந்து பாத்தா ஆளக் காணோம். முருங்கக்காப் பை மட்டும் கெடந்துச்சு. அப்பப் புடிச்சு நான் போன் பண்ணுனா எடுக்கறதில்லீங்க."

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஊரில் இத்தனை பேர் பெயில் என்று தெரிந்தால் தன்னுடைய பெயில் கொஞ்சம் சின்னதாகும் என்று நினைத்திருக்கிறார், பாவம்.

கொஞ்ச நாளில் தங்கை வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அவருக்கு வந்தது, வாட்ஸ்அப்பில். தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைப்பதுதான் முறை. இது அழைப்பில்லை, பதிலடி. அது அவருக்கும் புரிந்தது.

"போகாதீங்க" என்றேன்.

"மாமன் சீர் இல்லாம புள்ளைய மணையில ஒக்கார வெக்கறதுங்களா?" என்றார்.

எங்கள் காரில்தான் போனோம். பட்டுப்புடவை வைத்த சீர்த்தட்டை வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தார். மண்டப வாசலில் அந்தத் தங்கை நின்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத எங்களையும், "வாங்க, வாங்க" என்றார். அண்ணன் படிக்கு வெளியே தட்டோடு நின்றார். தங்கை அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்துத் தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். திரையில் வெளிச்சமே இல்லை.

எத்தனையோ வீட்டில் பொறுமையாக நின்று பழகியவர், அங்கேயும் நின்று பார்த்தார். பிறகு தட்டை என்னிடம் நீட்டினார்.

"நீங்க குடுத்துப்போட்டு வாங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். விருந்தில் கை நனைக்கவில்லை.

திரும்பும்போது பல்லடம் தாண்டியதும் சொன்னார். "நானாச்சும் பாம்பைப் பாத்தனுங்க. அவ ஒண்ணுமே பாக்கலை."

அதன்பிறகு அவர் யார் வீட்டுக்கும் ஆராய்ச்சிக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரரே, "ஒரு நாள் வந்து டெஸ்ட் பண்ணுங்க, இப்ப நான் பாஸ்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். இந்த வருஷம் ஒரு காலையில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழவில்லை.

என் வீட்டுக்காரர்தான் அவருடைய போனிலிருந்தே தங்கைக்குத் தகவல் சொன்னார். அன்றைக்கு அந்தம்மா போனை எடுத்துவிட்டார். மத்தியானம் வந்து, முன்பு முருங்கைக்காய்ப் பையோடு நின்ற அதே வாசலில் நின்றார். உள்ளே அண்ணன் கிடத்தப்பட்டிருந்தார். அவர் படியேறவில்லை. இழவு வீடு என்பதால் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தோம்.

நான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்து, "வாங்க" என்றேன். வீதியே என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அந்த மனுஷரைப் பெயிலாகவே அனுப்பி வைக்க எனக்கு மனசு வரவில்லை.