நான் எழுத உட்கார்ந்த வாரம்

இந்த வாரம் ஒரு பதிவு எழுதியே தீருவது என்று முடிவெடுத்தேன். ஆசையில் எடுத்த முடிவு இல்லை. எழுதாவிட்டால் அறை போய்விடும்.

அறை என்றால் சமையலறையை ஒட்டிய சின்ன அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். சோம்பல் முறித்தால் கை சுவரில் இடிக்கும். ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. வீட்டில் நான் சொன்னபடி கேட்கிற ஒரே பொருள் அந்தத் தாழ்ப்பாள்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அங்கே உட்கார்ந்து ஒரு வலைப்பூ தொடங்கினேன். நேரத்தை வீணாக்காமல் வாழ்வது எப்படி என்று உலகத்துக்குச் சொல்வதற்காக. என் வாசகர் உலகம் ஒரு வேனில் அடங்கிவிடும். அதில் ஒருவர் எதிர்வீட்டுப் பல் டாக்டர். அவரும் வலைப்பூ வைத்திருக்கிறார். பல்லைப் பற்றி. தினமும் எழுதித் தள்ளுகிறார். மனிதனுக்கு இருப்பதே முப்பத்திரண்டு. தீர்ந்து தொலைய மாட்டேன் என்கிறது.

நான் எழுதிப் பல மாதமாகிவிட்டது. கடைசிப் பதிவின் தலைப்பு 'தள்ளிப்போடாதே: பகுதி ஒன்று'. பகுதி இரண்டு இன்னும் வரவில்லை.

இந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே, என் மனைவி விஷயத்தைப் போட்டாள். அவள் தம்பி நம் ஊருக்கே குடிவரப் போகிறானாம். வீடு கிடைக்கும்வரை நம்மோடு இருப்பானாம். அடுத்த ஞாயிறு வருகிறானாம். சின்ன அறையைக் கொடுத்துவிடலாமாம்.

மைத்துனன் நல்ல பையன். குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் தொழில் கீபோர்டு சொல்லித்தருவது. பிள்ளைகள் வீடு தேடி வருவார்கள். ஒரே வரியை ஒரு வாரம் வாசிப்பார்கள், அதுவும் தப்பாக. எனக்கும் கீபோர்டுதான். என்னுடையது சத்தம் போடாது. பல மாதமாகக் கொஞ்சம்கூடப் போடவில்லை.

"அது என் எழுத்து அறை," என்றேன்.

"என்ன எழுதினீங்க?"

இரண்டே வார்த்தை. வக்கீல் வைத்து வாதாடியிருந்தாலும் இவ்வளவு சுருக்கமாக முடிந்திருக்காது.

யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். யோசிக்க அறை எதற்கு, மொட்டைமாடி போதாதா என்று கேட்டாள். எழுத்தாளன் என்பவன் வெயிலில் காயப்போடுகிற வடாம்... சரி, என்னவோ ஒன்றைச் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. ஒரு தலையணை உறையை உதறி மடித்துவிட்டுக் கொஞ்சம் இறங்கிவந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு பதிவு போடுங்க. போட்டா அறை உங்களுக்கு. தம்பிய நான் வேற எங்கயாவது தங்கச் சொல்லிக்கிறேன். போடலைன்னா மேசைய நகர்த்துங்க."

ஒரு வாரம். ஒரு பதிவு. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். வெளியே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சம்மதித்தேன். பெண்களுக்குப் பேரம் பேசத் தெரியாது என்று நினைத்தேன். நினைத்ததை இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை குளித்துவிட்டு வந்து தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன்னால் செய்தியை மட்டும் ஒரு பார்வை பார்க்கலாம் என்று திறந்தேன். செய்திக்குக் கீழே எவனோ ஒருவன் தப்பும் தவறுமாகக் கருத்துச் சொல்லியிருந்தான். விட்டுவிட முடியுமா? திருத்தினேன். அவன் என்னைத் திருத்தினான். இன்னொருவன் வந்து இருவரையும் திருத்தினான். அப்புறம் என் வலைப்பூவின் பின்னணி நிறம் கண்ணை உறுத்தியது. பச்சையாக மாற்றினேன். ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. நீலமாக்கினேன். நீச்சல்குளம். மறுபடி பழைய நிறத்துக்கே வந்தேன். அதற்குள் இருட்டிவிட்டது. ஒரு எழுத்தும் எழுதவில்லை. ஆனால் களைப்பு மட்டும் நாவல் முடித்தவனுக்கு வருகிற களைப்பு.

பல் டாக்டரிடம் போய்ப் புலம்பினேன். அவர் அதற்கும் மருந்து வைத்திருந்தார். ஒரு மென்பொருளாம். போட்டுவிட்டால் கம்ப்யூட்டரில் எல்லாம் மூடிக்கொள்ளுமாம். எழுத ஒரு வெற்றுப் பக்கம், வெளியிட ஒரு பொத்தான், அவ்வளவுதான் இருக்குமாம். பதிவு வெளியானால் பூட்டு தானாகத் திறக்கும். இல்லையென்றால் பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டை நம் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது, அதுதான் சூட்சுமம் என்றார்.

"இரக்கம் பாக்காத ஆள் யார்கிட்டயாவது குடுத்து வைக்கணும் சார். அப்படி யாராவது இருக்காங்களா?"

எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "அப்ப சரி," என்றார்.

பாஸ்வேர்டை என் மனைவியே தட்டினாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். பதிவு போடும்வரை நான் என்ன சொல்லிக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். காலில் விழுந்தாலுமா என்றாள். விழுந்தாலும்தான் என்றேன். அந்தக் கவலையே வேண்டாம் என்றாள்.

செவ்வாய்க்கிழமை வெற்றுப் பக்கத்தின் முன் உட்கார்ந்தேன். என் தலையைவிட வெள்ளையாக இருந்தது. கர்சர் கண்ணடித்தது. இந்த வயதில் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிற ஜீவன் அது ஒன்றுதான். பதிலுக்கு நான் முறைத்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சமையலறைக் குழாய். சொட்டு. சொட்டு. அது ஒரு வருஷமாகச் சொட்டுகிறது. சரிபண்ணுங்கள், சரிபண்ணுங்கள் என்று அவளும் ஒரு வருஷமாகச் சொட்டுகிறாள். எனக்கு இரண்டுமே கேட்டதில்லை. இன்றைக்கு மட்டும் காதுக்குள் சம்மட்டி அடித்தது. இந்த இரைச்சலில் மனிதன் எழுதுவானா? எழுந்து ஸ்பேனரை எடுத்தேன்.

"விடுங்க, அது கிடக்கட்டும். நீங்க போய் எழுதுங்க," என்றாள் அவள்.

எழுதுவதாவது. குழாயைக் கழற்றி, வாஷர் மாற்றி, மாட்டினேன். அதோடு விட்டேனா? குளியலறைக் குழாய் லேசாக முனகுவது போலிருந்தது. அதையும் பிரித்தேன். அது நல்ல குழாய்தான். பிரித்த பிறகுதான் ரிப்பேர் ஆனது. அதையும் சரிசெய்தேன்.

புதன்கிழமை நாற்காலி ஆடியது. ஆடும் நாற்காலியில் வாக்கியமும் ஆடும். கால்களுக்கு ஆணி அடித்தேன். சுத்தியல் கையில் இருக்கும்போதே ஆணி அடிக்க வீடு முழுக்க எத்தனை இடம் இருக்கிறது என்று தெரிந்தது. கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டேன். பரணைக் காலி செய்தேன். துணி இல்லாத குடை, பிடி இல்லாத வாளி, சாவி இல்லாத பெட்டி, பெட்டி இல்லாத சாவி எல்லாம் இறங்கின. ஒவ்வொரு தடவையும் அவள் வந்து நிற்பாள். முகத்தில் அப்படி ஒரு அக்கறை. உங்கள் நேரம் வீணாகிறதே, இதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாமே, போய் எழுதுங்களேன் என்பாள். 'எழுதுங்களேன்' என்ற சொல் காதில் விழுந்ததும் என் கை தானாக இன்னொரு வேலையைத் தேடும்.

வியாழக்கிழமை ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் காபி கொண்டுவந்தாள்.

"ஜன்னல் கம்பி துருப்பிடிச்சிருக்கு," என்றேன்.

"இருக்கட்டும். நீங்க எழுதுங்க."

"துருவப் பாத்துக்கிட்டே எப்படி எழுதறது?"

"உப்புத்தாள் மாடிப்படிக்குக் கீழ இருக்கு. ஆனா இப்ப வேண்டாம். எழுதுங்க."

தேய்த்தேன். கம்பி பளபளத்தது. பளபளக்கிற கம்பிக்குப் பக்கத்தில் சுவர் அழுக்காகத் தெரிந்தது. ஒரு பக்கச் சுவரை மட்டும் அடிப்போம் என்று ஆரம்பித்தேன். பெயிண்ட் எப்படியோ வீட்டிலேயே இருந்தது. ஒரு சுவர் அடித்ததும் மற்றச் சுவர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டன. நாலும் அடித்தேன். கூரைக்கு ஏணி போட்டேன். மூக்கில், மீசையில், கண்ணாடியில் எல்லாம் பெயிண்ட். எதிர்வீட்டு மாடியிலிருந்து பல் டாக்டர் எட்டிப் பார்த்து, பதிவு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார்.

"முதல் பூச்சு முடிஞ்சுது," என்றேன்.

எழுத்துக்கே உரிய அடக்கம் என்று நினைத்திருப்பார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை சமையலறை அலமாரியின் கதவைக் கழற்றிவிட்டேன். திரும்ப மாட்டத் தெரியவில்லை. இணையத்தில் பார்த்தால் படம் போட்டுக் காட்டுவான்; என் பழைய போனில் அந்த வசதி கிடையாது. போய்ப் பாஸ்வேர்டு கேட்டேன். பதிவுக்காக இல்லை, அலமாரிக்காக, உன் அலமாரிக்காக என்று சொல்லிப் பார்த்தேன். காலில் விழுந்தாலும் தரக் கூடாதென்று சொன்னது யார் என்று கேட்டாள். நான் இன்னும் விழவே இல்லையே என்றேன். விழுந்து பாருங்கள் என்றாள். விழுந்திருப்பேன். மூட்டுவலி. விழுந்தால் எழுப்பிவிடவும் அவளைத்தான் கூப்பிட வேண்டும். மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு, கதவை நானே முட்டி மோதி மாட்டினேன். இப்போது அது முன்பைவிட நன்றாக மூடுகிறது. ஏன் என்று எனக்கே தெரியாது.

சனிக்கிழமை விடிந்தது. எழுந்ததும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஏதாவது ஓட்டை, ஒரு விரிசல், ஒரு கிறீச்சாவது கிடைக்காதா என்று. குழாய்கள் ஊமையாகிவிட்டன. கதவுகள் வெண்ணெய் போலத் திறந்தன. மின்விசிறியின் இறக்கையில் முகம் பார்க்கலாம். பரணில் எதிரொலி கேட்டது. எல்லாம் சேர்ந்து எனக்குத் துரோகம் செய்துவிட்டன. ஒரு பழுதும் இல்லாத வீட்டில் எழுத்தாளன் என்னதான் செய்வான்? எழுதித் தொலைக்க வேண்டியதுதான். நாளைக்கு மைத்துனன் வந்துவிடுவான். கீபோர்டோடு.

உட்கார்ந்தேன். புதுப் பெயிண்ட் வாசனை. ஆடாத நாற்காலி. 'தள்ளிப்போடாதே: பகுதி இரண்டு' என்று தலைப்புப் போட்டேன். ஒரு மனிதன் மனது வைத்தால் ஒரே வாரத்தில் என்னென்ன சாதிக்கலாம் என்று என்னையே உதாரணமாக வைத்து எழுதினேன். குழாயைப் பற்றி ஒரு பத்தி. பரணைப் பற்றி ஒரு பத்தி. கூரைக்குப் பெயிண்ட் அடிக்கும்போது தோன்றிய வாழ்க்கைத் தத்துவம் ஒரு பத்தி. கை ஓடியது. நிறுத்த முடியவில்லை. பொத்தானை அமுக்கினேன். பதிவு வெளியானது. பூட்டு திறந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் பல் டாக்டரின் பின்னூட்டம் வந்து விழுந்தது. இதற்கு அவர் பொறாமைப்படுகிறாராம். படட்டும்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். குழாய்ப் பத்தியை இரண்டாம் தடவையும் படித்தாள்.

"நல்லா வந்திருக்கு. அறை உங்களுக்குத்தான்," என்றாள்.

வாழ்க்கையில் அவளை ஜெயித்த முதல் நாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனசு இளகியது. ஜெயித்தவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும். பாவம், மூட்டையைக் கட்டிக்கொண்டு நிற்பான், நானே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று மைத்துனனுக்குப் போன் போட்டேன். பின்னால் யாரோ ஒரு பிள்ளை கீபோர்டைக் கொலை செய்யும் சத்தம் கேட்டது. தப்பாக நினைத்துக்கொள்ளாதே, அறை காலியில்லை, வேறு இடம் பார்த்துக்கொள் என்றேன்.

"எந்த அறை மாமா?"

"அதாம்ப்பா, நீ இங்க குடிவரப் போறியே, அதுக்கு."

"நானா? நான் போன மாசம்தானே எங்க ஊர்லயே சொந்தமா வீடு வாங்கிக் குடிவந்தேன். அக்காகூட வந்து பாத்துட்டுப் போனாங்களே. மாமாவுக்கு எழுத்து வேலை, வர முடியலைன்னு சொன்னாங்க." பெருமையாகச் சொன்னான். "எல்லா ரூமும் சுத்திப் பாத்தாங்க. எங்க வீட்டையும் இப்படிப் பளபளன்னு ஆக்கிடணும்னு சொல்லிட்டே போனாங்க."

போனை வைத்தேன். வைத்த கையில் இன்னும் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

அவள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் மடக்கி வைக்க மறந்த ஏணியில் கையை ஊன்றிக்கொண்டு.

"உன் தம்பி வரப்போறதே இல்லையாமே," என்றேன்.

"அப்படியா. வராட்டிப் போகட்டும்."

"ஏம்மா, குழாய்தான் வேணும்னா குழாயப் பாருங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஒரு வருஷமா அதத்தான சொன்னேன். பாத்தீங்களா? எழுதுங்கன்னு சொன்னேன். வீட்டையே பாத்துட்டீங்க."

அவள் நிமிர்ந்து கூடத்துச் சுவர்களை ஒரு பார்வை பார்த்தாள். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, அப்புறம் கூரை. பார்த்துவிட்டு, அதே அக்கறையோடு என் பக்கம் திரும்பினாள்.

"கூடம் பெருசு. ஒரு பதிவுல முடியாது. நீங்க ஒரு புத்தகம் எழுதுங்களேன்."